பீரோவுக்குள் ஒரு பூமண்டலம்

விருத்தாசலத்தில் பஸ் ஏறிச் சேத்தியாத்தோப்பை நோக்கிப் போகும் சாலையில் கம்மாபுரம் இருக்கிறது. கடலூர் ஜில்லாவின் ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றுக்குத் தலைமை ஊர் அது. சாலையின் இருபுறமும் வயல்கள். இடையிடையே செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளும். ஆனால் வடகிழக்கு அடிவானத்தைப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு மலைத்தொடர் போல ஏதோ தென்படும். புதிதாய் வருகிறவர்கள், "இந்தப் பக்கத்தில் மலை உண்டா?" என்று கேட்பதுண்டு. இயற்கைத் தேவி அங்கே மலை எதையும் வைக்கவில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியின் மேல் மூடிக் கிடந்த மண்ணை வெட்டி மனிதன் கொட்டிய மேடுகள் அவை. நாம் பார்த்த எந்தப் பள்ளிக்கூடத்துச் சுவர்ப் படத்திலும் அந்த மலை இல்லை.

சில மாதங்களுக்கு முன்பு சொந்தக் காரியமாக அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போக நேர்ந்தது. காரியம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், எதிரே இருந்த பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தோம். ஊர் பேரும் பள்ளியின் பேரும் இங்கே வேண்டாம். அந்தப் பள்ளிக்கு மட்டும் உரிய குறை ஒன்றையும் நாம் சொல்லப் போவதில்லை. தமிழ் நாட்டில் நூற்றுக்கணக்கான பள்ளிகளில் காணக் கூடியதைத்தான் அங்கும் கண்டோம்.

உபாத்தியாயினி அம்மாள் நல்ல உற்சாகமுள்ளவர். பூகோளம் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டோம். அவர் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து ஓர் இரும்புப் பீரோவைத் திறந்தார். உள்ளே, மேல்தட்டில், பிளாஸ்டிக் காகிதம் கூடக் கழற்றப்படாமல் ஒரு பூகோள உருண்டை அமர்ந்திருந்தது. பக்கத்தில் சுருட்டி வைத்த தேசப்படங்கள் ஐந்தாறு. அவற்றின் மேல் ஒரு தடித்த பதிவேடு.

"இதை வெளியே எடுப்பதில்லையா, அம்மா?"

"எடுக்கலாம், ஐயா. ஆனால் இருப்புப் பதிவேட்டில், 'பூகோள உருண்டை — 1' என்று எழுதியிருக்கிறது. எனக்கு முன்பிருந்தவர் என்னிடம் ஒப்படைத்தார்; அவருக்கு முன்பிருந்தவர் அவரிடம் ஒப்படைத்தார். பிள்ளைகள் கையில் உடைந்து போனால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது?"

நமக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக் கொண்டோம். பூமண்டலத்தையே பூட்டி வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக் கொண்டிருக்கும் அவருக்கு அது ஒரு சுமையாகத்தான் இருந்தது.

கடையில் வாங்கிய தயார்ச் சரக்கைக் கொண்டு பூகோளம் போதிக்கும் வழக்கத்துக்கு வயது அதிகம். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்று ஒரு செதுக்கு வேலைக்காரர் இருந்தார். அவர் தேசப்படத்தை மெல்லிய பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக் கோடுகளை அனுசரித்து ரம்பத்தால் அறுத்து, பெட்டியில் போட்டு விற்றார். குழந்தைகள் அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஐரோப்பாவையும் ஆசியாவையும் 'கட்ட' வேண்டும். இன்று நம் வீட்டுக் குழந்தைகள் யானைப் படமும் ரயில் படமும் சேர்த்து விளையாடுகிறார்களே, அந்தத் துண்டுப்பட விளையாட்டுக்கெல்லாம் மூலம் பூகோள பாடந்தான்.

அதற்கு அரை நூற்றாண்டுக்குள் நம் சோழ தேசத்திலேயே இதை விட அழகான காரியம் ஒன்று நடந்தது. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் இருந்த சரபோஜி மகாராஜா மேல்நாட்டுச் சாஸ்திரங்களில் மோகம் கொண்டவர். தேசப்படங்களும் உருண்டைகளும் தருவித்துச் சேர்த்தவர். உலகப் பூகோளத்தைக் கற்பிக்க அவர் கையாண்ட உபாயம் என்ன தெரியுமா? மராத்தி பாஷையில் 'தேவேந்திரக் குறவஞ்சி' என்று ஒரு நாடகம்! குறி சொல்ல வந்த குறத்தி, மலை வளமும் நதி வளமும் பாடும் வழக்கத்தை அனுசரித்து, பூமியின் கண்டங்களையும் தேசங்களையும் பாடுகிறாள். நம் ஊர்க் குறத்தியின் வாயில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் வந்தன என்றால், கேட்டவர்களுக்கு அது மறந்திருக்குமா? அந்தக் காலத்திலேயே, 1832-ல், திருநெல்வேலிப் பக்கத்தில் ஊழியம் செய்த ரேனியஸ் பாதிரியார் 'பூமி சாஸ்திரம்' என்று தமிழிலேயே ஒரு பூகோளப் புஸ்தகம் வெளியிட்டார். ஆக, பூகோளம் நமக்கு நேற்று வந்த சரக்கு அன்று.

இங்கிலாந்தில் நிலைமை எப்படி இருந்தது என்பதும் கவனிக்கத் தக்கது. உலகத்தில் நாலில் ஒரு பங்கைச் சிவப்பு வர்ணம் தீட்டிச் சுவரில் மாட்டியிருந்த அந்தத் தேசத்தில், பூகோளப் படிப்பு வெகு மட்டமாக இருந்ததாம். ராயல் பூகோள சங்கம் ஸ்காட் கெல்டி என்பவரை ஐரோப்பாவுக்கு அனுப்பி விசாரிக்கச் செய்தது. 1885-ல் அவர் தம் அறிக்கையைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஜெர்மனி முதலிய தேசங்களின் பள்ளிகளில் உள்ள சுவர்ப் படங்கள், மேடு பள்ளம் காட்டும் மாதிரிகள், உருண்டைகள் எல்லாவற்றையும் திரட்டி வந்து லண்டனில் பொருட்காட்சியே வைத்து விட்டார். எட்டு வருஷம் கழித்து, 1893-ல், உபாத்தியாயர்கள் சிலர் ஆக்ஸ்போர்டில் கூடிப் பூகோள ஆசிரியர் சங்கம் ஒன்றை ஸ்தாபித்தார்கள். அதன் முதல் நோக்கம் மிக எளியது: மாய விளக்கில் போட்டுக் காட்டும் கண்ணாடிப் படங்களை ஒரு பள்ளி மற்றொரு பள்ளிக்கு இரவல் கொடுக்க வேண்டும் என்பது. ஒவ்வொருவரும் தனித்தனியே பணம் செலவழிப்பானேன் என்று நினைத்திருக்கிறார்கள். சென்னையிலும் 1926-ல் பூகோள சங்கம் ஏற்பட்டது; சைதாப்பேட்டை உபாத்தியாயர் கலாசாலையைச் சேர்ந்த என். சுப்பிரமணியம் அதற்கு மூலபுருஷர். பிற்காலத்தில் இந்தியப் பூகோள சங்கம் என்று பெயர் பெற்றது அதுவேதான்.

நமது சுதந்திரப் போராட்ட காலத்தில் தேசப்படத்துக்கு வேறொரு மகிமையும் வந்தது. காசியில் சிவப்பிரசாத குப்தர் கட்டிய பாரத மாதா ஆலயத்தை 1936-ல் காந்தி மகான் திறந்து வைத்தார். கர்ப்பக் கிருகத்தில் விக்கிரகம் கிடையாது. மலைகளும் சமவெளிகளும் கடலும் புடைப்பாகச் செதுக்கிய பாரத தேசத்தின் சலவைக்கல் படமே அங்கே தெய்வம். தேசப்படத்தைப் பூட்டி வைக்காமல் நடுக் கூடத்தில் வைத்துச் சுற்றி வந்து பார்க்கும்படி செய்த அந்த யோசனையைப் பள்ளிக்கூடங்கள் இரவல் வாங்கலாம்.

இனிக் கம்மாபுரத்துப் பீரோவுக்குத் திரும்புவோம். அந்த உருண்டை அங்கே எப்படி வந்தது? 1986-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, 1987-ல் மத்திய சர்க்கார் 'கரும்பலகைத் திட்டம்' ஒன்றைத் தொடங்கினார்கள். நாட்டிலுள்ள ஒவ்வோர் ஆரம்பப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு உபாத்தியாயர், சில அத்தியாவசியச் சாமான்கள் என்பது திட்டம். சாமான் ஜாபிதாவில் ஜில்லாப் படம், மாகாணப் படம், தேசப்படம், பூகோள உருண்டை எல்லாம் இருந்தன. நல்ல நோக்கந்தான். இந்த ஒரு திட்டத்தினால் முதன் முதலாக உருண்டையைக் கண்ட கிராமங்கள் எத்தனையோ. ஆனால் சாமான் வந்தது போல், அதை உபயோகிக்கத் தைரியம் கூட வரவில்லை. உடைந்தால் குற்றம், உபயோகிக்காமல் வைத்திருந்தால் குற்றம் இல்லை. இப்படி ஒரு விதி இருக்கும் இடத்தில் எந்த உத்தமரும் பீரோவைப் பூட்டத்தான் செய்வார்.

அன்று நாம் கொஞ்சம் வற்புறுத்தினோம். "உடைந்தால் நாம் வாங்கித் தருகிறோம்" என்றதும் அம்மாள் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். குழந்தைகள் கூடி விட்டார்கள். ஒரு பெண், "டீச்சர், நம்ம ஊர் எங்கே?" என்று கேட்டாள்.

உருண்டையின் குறுக்களவு சுமார் முப்பது சென்டிமீட்டர். பூமியின் குறுக்களவு ஏறக்குறைய 12,740 கிலோமீட்டர். ஆகவே உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது 425 கிலோமீட்டர். தமிழ் நாடு முழுவதும், கும்மிடிப்பூண்டியிலிருந்து குமரி முனை வரை, ஏறக்குறைய ஒன்றரைச் சென்டிமீட்டரில் அடங்கி விடும். கம்மாபுரத்துக்கு மையினால் ஒரு புள்ளி வைத்தால் அந்தப் புள்ளியே சிதம்பரத்தையும் கடலூரையும் சேர்த்து விழுங்கி விடும்! எவரெஸ்ட் சிகரம் 8,849 மீட்டர். உருண்டையில் அது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. தடித்த காகிதத்தின் கனம். இமயமலையை விரலால் தடவி உணரும்படி புடைத்து விற்கிறார்களே, அதெல்லாம் குழந்தைகளை மகிழ்விக்கச் சொல்லும் பொய்.

கணக்கை அங்கேயே விட மனம் வரவில்லை. சந்திரன் இதே அளவில் ஒரு சாத்துக்குடிப் பழம். அதை உருண்டையிலிருந்து ஒன்பது மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். ஒரு பையன் வாசற்படி வரை நடந்து போய் நின்றான். சூரியன்? முப்பத்து மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரு பந்து. மூன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில். அதாவது அடுத்த ஊரில் கோபுரம் போல ஒரு நெருப்புப் பந்து எரிகிறது என்று நினைத்துக் கொள்ள வேண்டும். பையன்கள் சாலைப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். சுவர்ச் சித்திரத்தில் சூரியனையும் பூமியையும் பக்கம் பக்கமாக ஒட்டி வரைந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஆகாசம் எவ்வளவு காலியாயிருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

சுருட்டி வைத்த படங்களையும் பிரித்துப் பார்த்தோம். உலகப் படம் மெர்கேட்டர் என்னும் படக்காரர் 1569-ல் கண்டு பிடித்த முறையில் வரைந்தது. கடலில் கப்பல் ஓட்டுகிறவர்களுக்குத் திசை தவறாமல் இருப்பதற்காக அவர் செய்த முறை அது. அந்த வேலைக்கு அதைப் போல் சிறந்தது கிடையாது. ஆனால் துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பரப்பை ஊதிப் பெருக்கிக் காட்டும். படத்தில் கிரீன்லாந்து கிட்டத்தட்ட ஆப்பிரிக்கா அளவு இருக்கிறது. உண்மையில் கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்கா மூன்று கோடிக்கு மேல். நமது பாரத தேசமே 32.9 லட்சம். கிரீன்லாந்தை விட ஒன்றரை மடங்கு பெரியது! படத்தைப் பார்த்தாலோ, வடக்கே அந்தப் பனிப் பாலைவனம் ராட்சசன் போலக் கிடக்க, நாம் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறோம். இதற்கு மருந்து அந்தப் பீரோவிலேயே இருந்தது. காற்றாடிக் காகிதத்தை உருண்டை மேல் வைத்துக் கிரீன்லாந்தைப் பென்சிலால் எடுத்து, அதைக் கொண்டு போய் இந்தியாவின் மேல் வைத்துப் பார்த்தாள் ஒரு பெண். "டீச்சர், நம்ம நாட்டை விடச் சின்னது!" என்று அவள் கூவியதை அங்கிருந்த எவரும் மறக்க மாட்டார்கள்.

அடுத்தது ஜில்லாப் படம். அதில் தலைப்பு: 'தென்னாற்காடு'. அந்த ஜில்லா 1993-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதியோடு கடலூர், விழுப்புரம் என்று இரண்டாகப் பிரிந்து விட்டது. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது 2019-ல். மாகாணத்தில் இப்போது 38 ஜில்லாக்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் பிறப்பதற்கு முன் அச்சான படம் போலிருந்தது அது. தேசப்படமும் அப்படியே. அதில் தெலுங்கானா இல்லை. லடாக் தனிப் பிரதேசமாக இல்லை. 2020 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் 28 ராஜ்யங்களும் 8 யூனியன் பிரதேசங்களும். தேசத்தின் வெளி எல்லையைத் தவறாக அச்சிடுகிறவர்களுக்கு 1961-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. உள் எல்லைகள் பழசாகிப் போன படத்தைப் பள்ளியில் மாட்டி வைப்பதற்குத் தண்டனை ஒன்றும் கிடையாது. அந்தத் தண்டனையைப் பிள்ளைகள் பரீட்சையில் அனுபவித்துக் கொள்கிறார்கள்.

பழைய படத்தைத் தூர எறிய வேண்டும் என்று நாம் சொல்ல மாட்டோம். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால், அதை விட நல்ல சரித்திர பாடம் வேறென்ன?

தயார்ச் சரக்கின் உண்மையான குறை பழமையில் இல்லை என்று நமக்குத் தோன்றுகிறது. எங்கோ இருப்பவர் எல்லோருக்குமாகச் சேர்த்துச் செய்யும் சரக்கு, எந்த ஓர் ஊருக்கும் சரியாகப் பொருந்துவதில்லை. மழையை எடுத்துக் கொள்வோம். அகில இந்தியாவுக்கும் அச்சடித்த பருவகாலச் சித்திரத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம் என்று கொட்டை எழுத்தில் போட்டு, குடை பிடித்த குழந்தை படம் வரைந்திருக்கிறது. கம்மாபுரத்துக் குழந்தைக்கு மழை எப்போது? ஐப்பசி கார்த்திகையில்! கடலூர் ஜில்லாவின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது. புயலும் அப்போதுதான். 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, தலைமுறை தலைமுறையாய் நின்ற முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015-ல் வெள்ளம். இவ்வளவையும் கண்ணால் கண்ட குடும்பத்துப் பிள்ளை, பரீட்சையில் மழைக்காலம் ஜூன் என்று எழுதி மார்க்கு வாங்குகிறான். படித்தது வேறு, பார்த்தது வேறு என்று ஆன பிறகு, பார்த்ததை அவன் எதற்காக நம்ப வேண்டும்?

இந்தப் பிரச்னையை முன்பே யோசித்தவர்கள் உண்டு. 1937-ல் மகாத்மா வார்தாவில் கூட்டிய மகாநாட்டை ஒட்டி ஜாகீர் ஹுசேன் கமிட்டி ஆதாரக் கல்வித் திட்டம் வகுத்த போது, பூகோளத்தைச் சரித்திரத்தோடும் பிரஜா தர்மத்தோடும் சேர்த்துச் சமூக பாடமாக்கினார்கள். கைத்தொழிலையும் சுற்றுப்புறத்தையும் கொண்டு பாடம் நடத்த வேண்டும் என்றார்கள். எல்லாம் வாஸ்தவம். ஆனால் ஒரே உபாத்தியாயர் இரண்டு மூன்று வகுப்பைச் சமாளிக்கும் இடத்தில், தினம் ஒரு புதுச் சாதனம் செய்து கொண்டு வா என்று அவரைப் பார்த்துச் சொல்வது தர்மமாகாது. தயார்ச் சரக்கு அவருக்கு வேண்டும். இன்று அது கிடைக்காமலும் இல்லை. தமிழ் நாட்டுப் பாடப் புஸ்தகங்களில் சதுரக் கட்டக் குறி அச்சிட்டிருக்கிறது. கைப்பேசியை அதன் முன் காட்டினால் பாடம் படமாக ஓடும். சர்க்கார் விலையில்லாமல் கொடுக்கும் சாமான்களுள் தேசப்படப் புஸ்தகமும் ஒன்று. 1956-ல் கல்கத்தாவில் பேராசிரியர் எஸ். பி. சட்டர்ஜி தலைமையில் தொடங்கிய தேசப்பட ஸ்தாபனம், கண் தெரியாதவர்கள் தடவிப் படிக்கும்படி பிரெயில் தேசப்படப் புஸ்தகம் கூட வெளியிட்டிருக்கிறது. ஆகாசத்திலிருந்து எடுத்த படங்களை நம் விண்வெளி ஸ்தாபனத்தார் 2009 முதல் 'புவன்' என்ற பெயரில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

உருண்டை மிகச் சிறியது. ஜில்லாப் படம் கொஞ்சம் பெரியது. ஆனால் பிள்ளையின் வீட்டுக்கும் ஜில்லாவுக்கும் நடுவில் ஒரு படி காலியாக இருக்கிறது. அந்தப் படியை நிரப்பக் கூடிய சரக்கு சர்க்காரிடம் பல வருஷமாக இருந்து வருகிறது. 1767-ல் ஏற்பட்ட சர்வே இலாகாவின் படங்களே அவை. பழைய வரிசைப்படி 58-எம் என்ற கட்டத்துக்குள் கம்மாபுரம் இருக்கிறது. அந்தக் கட்டத்தின் பதினாறு தாள்களில் ஒவ்வோர் ஏரியும் வாய்க்காலும் வண்டிப் பாதையும் காட்டியிருக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு அரைக் கிலோமீட்டர். 2005-ஆம் வருஷத்துத் தேசப்படக் கொள்கையால் பொது ஜனங்களுக்கென்று தனி வரிசையும் வெளி வந்தது. ஆனால் ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் இங்கிலீஷில்! இவற்றைத் தமிழ் எழுத்தில், ஒன்றியத்துக்கு ஒரு படமாக அச்சிட்டுப் பள்ளிக்கு ஒன்று கொடுத்தால் பெரிய செலவு ஆகிவிடாது.

சர்வேக்கும் இந்த ஜில்லாவுக்கும் உள்ள உறவு சாமானியமானதன்று. 1802-ல் பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கிய லாம்டன், பூமியின் வளைவை அளப்பதற்கு எடுத்துக் கொண்ட முதல் வில்லின் தெற்கு முனை கடலூரை அடுத்த திருவந்திபுரம். பிறகு இமயம் வரை போன அந்தப் பெரிய அளவையின் முதல் அடி நம் கடலூர்ச் செம்மண்ணில்தான் ஊன்றியது. பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பக்கத்து நிலத்தின் படம் ஏன் இவ்வளவு அவசியம் என்று நேயர்கள் கேட்கலாம். மற்ற ஊர்களில் ஒருவேளை அது அறிவு வளர்ச்சிக்கு மட்டும் உதவும். கம்மாபுரம் பக்கத்தில் அப்படியில்லை. அங்கே பூமியே மாறிக் கொண்டிருக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டிய போது கறுப்பாய் ஏதோ வந்தது என்று ஆரம்பித்த கதை, 1956-ல் கம்பெனியாகி, 1957 மே மாதம் பண்டித நேரு சுரங்கத்தைத் தொடங்கி வைக்க, 1961-ல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு பொங்கும் ஊற்று நீர். அதை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். சுரங்கம் முன்னேற முன்னேற வயலும் ஊரும் பின்வாங்குகின்றன. ஆறு கூட இடம் மாறுகிறது: 2023 ஜூலையில் வளையமாதேவி வயல்களில், பரவனாற்றுக்குப் புதுத் தடம் வெட்ட, கதிர் வரவிருந்த நெற்பயிரின் மேல் இயந்திரங்கள் இறங்கியதைப் பத்திரிகைகளில் பார்த்து மனம் பதறாதவர் இல்லை. மின்சாரம் தேசத்துக்கு வேண்டும்; அந்த மின்சாரத்தில்தான் நாமும் விளக்கேற்றுகிறோம். ஆனால் எந்த வயல் போகிறது, எது தங்குகிறது, ஆறு எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் படத்தில் கோடாக எழுதப்படுகிறது. 2006-ஆம் வருஷத்து அறிவிக்கைப்படி இத்தகைய பெரிய வேலைகளுக்கு முன் பொது ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கும் கூட்டம் போட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு வரும் அறிக்கையில் படங்கள் தாராளமாக இருக்கும். அதில் தன் வயலைக் கண்டு பிடிக்கத் தெரியாத குடியானவர் என்ன அபிப்பிராயம் சொல்வார்?

இதை அன்று உபாத்தியாயினி அம்மாளிடம் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "படம் வாங்கவே வேண்டாம், ஐயா, பிள்ளைகள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது" என்றார். நமக்குப் புரியவில்லை. "பட்டாவோடு புலப்படம் வைத்திருப்பார்களே!" என்று விளக்கினார்.

நாம் வெட்கிப் போனோம். வாஸ்தவந்தானே! ஒவ்வொரு புல எண்ணுக்கும் நிலத்தின் வடிவமும் பக்கங்களின் நீளமும் குறித்த புலப்படம் ரெவினியூ இலாகாவில் உண்டு. இப்போது இணையத்திலேயே எடுத்துக் கொள்ளலாம். அளவுத் திட்டம், திசைக் குறி, எல்லைக் கல், அண்டை வயலின் எண் எல்லாம் அதில் இருக்கின்றன. கிரீன்லாந்தில் தொடங்குவதற்குப் பதில் அப்பாவின் அரை ஏக்கரில் தொடங்கலாம். நாலைந்து பிள்ளைகளின் புலப்படங்களை ஒட்டுப் போட்டால் ஊரின் ஒரு மூலை வந்து விடும். ஸ்பில்ஸ்பரியின் விளையாட்டு! நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள் மனம் நோகக் கூடாதே என்றோம். "அவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் புலம் இருக்கிறது; கோயில் புலம், ஏரிப் புலம் இருக்கிறது. அது எல்லாருக்கும் சொந்தம்" என்றார் அம்மாள்.

திரும்பும் முன் இன்னொரு சாதனத்தையும் அவரிடம் சொல்லி வைத்தோம். அதற்குக் காசே வேண்டாம். கம்மாபுரம் ஏறக்குறைய பதினொன்றரை டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஆகவே சூரியன் வருஷத்தில் இரண்டு முறை அவ்வூருக்கு நேர் உச்சியில் வருகிறான்: ஏப்ரல் 20-ந் தேதியை ஒட்டி ஒரு நாள், ஆகஸ்ட் 22-ந் தேதியை ஒட்டி ஒரு நாள். முற்றத்தில் ஒரு கம்பை நெட்டுக் குத்தாக நட்டால் அன்று நடுப்பகலில் அதன் நிழல் காணாமற் போகும். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். நம் கடிகாரம் இந்த ஊர்ச் சூரியனைக் கேட்டு ஓடுவதில்லை. எண்பத்திரண்டரை டிகிரி தீர்க்கரேகையைக் கேட்டு ஓடுகிறது. கம்மாபுரம் அதற்கு மேற்கே மூன்று டிகிரி. ஏப்ரலில் பன்னிரண்டு மணி பதினொரு நிமிஷத்துக்குப் பார்க்க வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் ஒரு கம்பில்! பள்ளிக்கூடம் ஏப்ரலில் விடுமுறையானாலும் ஆகஸ்டில் திறந்திருக்கும். மேகம் மட்டும் வழி விட வேண்டும்.

சென்ற மாதம் அந்த அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. உருண்டை இப்போது ஜன்னலோரத்தில் ஒரு மேஜை மேல் இருக்கிறதாம். ஆகஸ்டில் நிழல் பார்க்கக் கூடியவர்களில் பாதிப் பேர் ஊர்ப் பெரியவர்களாம். ஒரு நாள் மேஜையிலிருந்து உருண்டை விழுந்து விட்டது, உடையவில்லை. இருப்புப் பதிவேட்டில் தாம் எழுதியிருப்பதை அப்படியே நமக்கு எழுதி அனுப்பியிருக்கிறார்: "பூகோள உருண்டை — 1. நல்ல நிலையில் உள்ளது. பசிபிக் சமுத்திரத்தில் மட்டும் ஒரு சிறு நசுங்கல்."